எங்களுக்கு வந்தது எந்த முடிவு?

ஒரே படத்தை நாட்டுக்கு ஒரு கிளைமாக்ஸோடு அனுப்பிவைக்கும் தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், ஓடிடி நிறுவனத்தார் எல்லோருக்கும்,

வணக்கம்.

உங்கள் புண்ணியத்தில் நானும் என் நண்பனும் ஒருநாள் ராத்திரி போனில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். சண்டைக்குக் காரணம் 'தி டிசென்ட்'. 2005இல் வெளிவந்த பிரிட்டிஷ் திகில் படம். ஆறு பெண்கள் ஒரு குகைக்குள் இறங்குகிறார்கள், வழி அடைபட்டுப் போகிறது, உள்ளே மனித உருவத்தில் என்னவோ வாழ்கிறது.

நான் பார்த்த படத்தில் சாரா தப்பித்துவிடுகிறாள். எலும்புக் குவியல் மேல் ஏறி, மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறாள். காரை எடுத்துக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறாள். ஓரமாக நிறுத்தி வாந்தி எடுக்கிறாள். திரும்பினால், குகைக்குள் விட்டுவிட்டு வந்த தோழி பக்கத்து இருக்கையில் ரத்தமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அலறல். படம் முடிந்தது.

"எங்கடா தப்பிச்சா? குகைக்குள்ளேதானே உட்கார்ந்திருக்கா?" என்றான் நண்பன். அவன் இருந்தது பிரிட்டனில். அவன் பார்த்த படத்தில் அந்த அலறலுக்குப் பிறகும் ஒரு நிமிடம் இருக்கிறது. சாரா கண் விழிக்கிறாள். குகையை விட்டு அவள் நகரவே இல்லை. எதிரே, முன்பே இறந்துபோன அவள் மகள், பிறந்தநாள் கேக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். மெழுகுவத்திகள் எரிகின்றன. சாரா மகளைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். கேமரா பின்னால் போகப்போக அங்கே கேக்கும் இல்லை, மகளும் இல்லை. எரிவது அவள் கொண்டுவந்த தீப்பந்தம். சுற்றிலும் அந்த ஜந்துக்களின் கூச்சல் நெருங்கி வருகிறது.

நான் சத்தியம் செய்யாத குறை. அப்படி ஒரு காட்சியே கிடையாது, நீ தூங்கிப் போய்க் கனவு கண்டிருப்பாய் என்றேன். அவன் என்னை, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்தவன் என்றான். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது பின்னால்தான் தெரிந்தது. 2006இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது அந்தக் கடைசி நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது அந்தப் பதிப்பு. அட்டையில் அதே பெயர், அதே இயக்குநர், அதே முகங்கள். ஒரு நிமிடம் குறைவு என்று எங்கும் ஒரு வரி கிடையாது.

இந்த மடல் அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான்.

முடிவை மாற்றாதீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்த வழக்கம் வந்துவிட்டது. 1910களில் டென்மார்க்கின் நார்டிஸ்க் நிறுவனம் ரஷ்யாவுக்கு அனுப்பும் படங்களுக்குத் தனியாகச் சோக முடிவு எடுத்து அனுப்பியது. மற்ற நாடுகளில் நாயகன் பிழைப்பான், ரஷ்யாவில் செத்துப்போவான். 1913இல் ஆகஸ்ட் புளோம் இயக்கிய 'அட்லாண்டிஸ்' அப்படி இரண்டு முடிவோடு எடுக்கப்பட்டது. ரஷ்ய ரசிகர்களுக்குக் கண்ணீரோடு எழுந்து போனால்தான் திருப்தி என்பது அன்றைய வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கை முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கிரிஃபித் 1909இல் எடுத்த 'தி லோன்லி வில்லா'வில், வீட்டுக்குள் புகுந்த திருடர்களிடமிருந்து மனைவி மக்களைக் காப்பாற்றக் கணவன் சரியான நேரத்தில் வந்து சேர்வான். அதே கதையை 1914இல் ரஷ்ய இயக்குநர் புரோட்டசானோவ் எடுத்தபோது கணவன் தாமதமாக வந்து மனைவியின் சடலத்தைத்தான் பார்க்கிறான்.

அப்போது இதற்கு ஒரு தொழில்நுட்ப வசதியும் இருந்தது. மௌனப் படக் காலத்தில் உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நெகட்டிவ் எடுப்பது சாதாரணம். வசனம் என்றால் அட்டைதான், மொழி மாற்ற அட்டையை மாற்றினால் போதும். எப்படியும் வெளிநாட்டுக்குத் தனி நெகட்டிவ் போகிறது, அதில் கடைசி ஐந்து நிமிடம் வேறாக இருந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள் காரணங்களை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ரசிகன் காசு கொடுக்க மாட்டான் என்ற பயம் ஒன்று. அரசாங்கம் வெளியிட விடாது என்ற பயம் இன்னொன்று.

முதல் பயத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் வைத்தியம் முன்னோட்டக் காட்சி. படத்தை வெளியிடும் முன் முன்பின் தெரியாத கூட்டத்துக்குப் போட்டுக்காட்டி, கையில் ஒரு அட்டையைக் கொடுத்து எழுதச் சொல்வது. மிக அருமை, நன்று, சுமார் என்று கட்டங்கள். நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று ஒரு கேள்வி. மேல் இரண்டு கட்டங்களில் எத்தனை டிக் விழுந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கிளைமாக்ஸ் வாழ்வதா சாவதா என்று முடிவு செய்வீர்கள். 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' அப்படி மாறியதுதான். முதலில் எடுத்த முடிவில், கல்யாணமான நாயகனை விடாமல் துரத்தும் அலெக்ஸ் தற்கொலை செய்துகொண்டு, கத்தியில் இருந்த கைரேகையால் பழி நாயகன் மேல் விழும். முன்னோட்டம் பார்த்த கூட்டத்துக்கு அது போதவில்லை, அவளுக்குத் தண்டனை வேண்டும் என்றது. அவள் கொல்லப்படும் குளியலறைச் சண்டையைப் புதிதாக எடுத்தார்கள். அலெக்ஸாக நடித்த கிளென் க்ளோஸ் அந்த மாற்றத்தை எதிர்த்துப் பார்த்தும் நடக்கவில்லை. படம் வசூலை அள்ளியது. பழைய முடிவு அப்புறம் ஜப்பான் ரசிகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தி விஷயத்தில் ஜப்பான்காரர்கள் உங்களுக்கு வேறு அட்டை எழுதிக் கொடுத்தார்களோ என்னவோ.

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 2005 பதிப்பு இன்னும் வேடிக்கை. பிரிட்டனில் படம் பென்னட் வீட்டு அப்பாவோடு முடிகிறது. மகள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டு, அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்ளும் கிழவர். அமெரிக்காவில் அதற்குப் பிறகும் ஒரு காட்சி உண்டு. இரவு, விளக்குகள், கல்யாணம் முடிந்த ஜோடி. அவன் அவளை "மிஸஸ் டார்சி, மிஸஸ் டார்சி" என்று திரும்பத் திரும்ப அழைத்து முத்தமிடுகிறான். பிரிட்டனில் முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு இது திகட்டியதால் அங்கே எடுத்துவிட்டார்கள். சரி, இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அமெரிக்காவில் ஒரு முத்தம் கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்ததும், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அதே பிரிட்டனில் இருந்து குரல் வந்தது. அட்டையில் டிக் அடித்தவர்களும் பிரிட்டிஷ்காரர்கள்தான், கேட்டவர்களும் பிரிட்டிஷ்காரர்கள்தான். ஒரு நாட்டுக்கு ஒரு ரசனை என்று நீங்கள் கட்டிய கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது உங்கள் கைவேலை ஒன்று எனக்குப் பிடிபட்டது. சோகமான படத்தைச் சந்தோஷமாக மாற்றப் பெரும்பாலும் எதையும் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் போதும். 'தி டிசென்ட்'டில் சாராவின் கனவு முடியும் இடத்தில் கத்தரி விழுந்தது. கனவு அப்படியே நிஜமாகிவிட்டது. டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' படத்துக்கும் இதையேதான் செய்யப் பார்த்தார்கள். அதில் நாயகன் சாம், சித்திரவதை நாற்காலியிலிருந்து மீட்கப்பட்டுக் காதலியோடு பச்சைப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்கிறான். அடுத்த நொடி திரையில் இரண்டு முகங்கள் எட்டிப்பார்க்கின்றன. அவன் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறான், புத்தி பேதலித்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. ஐரோப்பாவில் 1985இல் 142 நிமிடத்துக்கு இந்தப் படம் அப்படியே வெளியானது. அமெரிக்காவில் வெளியிட வேண்டிய யுனிவர்சல், பள்ளத்தாக்கோடு முடித்து 94 நிமிடத்துக்கு ஒரு படம் தயார் செய்தது. காதல் வெல்லும் என்று அதற்குப் பெயர் வேறு.

கில்லியம் செய்தது என்ன தெரியுமா? உங்களுக்கு நான் எழுதுவது போல ஒரு திறந்த மடல்தான். 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்கம் விலைக்கு வாங்கினார். பக்கத்தின் பெரும்பகுதி வெறுமை. நடுவில் நிறுவனத் தலைவர் சிட் ஷைன்பெர்க்கின் பெயரைச் சொல்லி ஒரே கேள்வி: என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள்? லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர்கள் அமெரிக்காவில் வெளியாகாத அந்தப் படத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த படம் என்று விருது கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 132 நிமிடப் பதிப்பு, சாமின் நாற்காலியோடு, வெளியே வந்தது. 94 நிமிடப் படம் பின்னாளில் தொலைக்காட்சியில் ஓடியது. என்னிடம் முழுப்பக்கம் வாங்கும் வசதி இல்லாததால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பயம், அரசாங்கம். இதைச் சொன்னதும் எல்லோரும் சீனாவைக் கை காட்டுவார்கள். காட்டட்டும், காரணம் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கே டென்சென்ட் வீடியோவில் 'ஃபைட் கிளப்' பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்ததைக் கேளுங்கள். மூலப் படத்தில் கடைசியில் நாயகனும் நாயகியும் கைகோத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்க்க, எதிரே கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெடித்துச் சரியும். அங்கே கட்டடம் சரியவில்லை. திரை கறுத்து எழுத்து வந்தது. போலீஸ் திட்டம் முழுவதையும் சீக்கிரமே கண்டுபிடித்து, எல்லாக் குற்றவாளிகளையும் கைது செய்து, குண்டு வெடிக்காமல் தடுத்துவிட்டதாம். டைலர் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டு 2012இல் குணமாகி வீடு திரும்பினானாம். டைலர் என்பவன் நாயகனின் மண்டைக்குள் மட்டுமே இருப்பவன். அவனை எந்த வார்டில் சேர்த்தார்கள், டிஸ்சார்ஜ் தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது போல. இதில் இன்னொரு கூத்து: படத்துக்கு மூலமான நாவலிலும் குண்டு வெடிக்காது, கதை சொல்பவன் மனநல விடுதியில்தான் போய்ச் சேர்வான். சென்சார்காரர்கள் தெரியாமல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று நாவலாசிரியரே கிண்டலடித்தார்.

அதே ஆண்டு 'மினியன்ஸ்: தி ரைஸ் ஆஃப் க்ரூ' படத்துக்கும் சீனாவில் ஒரு பின்குறிப்பு சேர்ந்தது. தப்பியோடிய கிழட்டு வில்லன் பிடிபட்டு 20 ஆண்டு சிறையில் இருந்ததாகவும், க்ரூ குடும்பத்துக்குத் திரும்பி மூன்று பெண் குழந்தைகளை வளர்ப்பதே தன் பெரிய சாதனை என்று வாழ்ந்ததாகவும் எழுத்துப் போட்டார்கள். கார்ட்டூன் பார்த்து நாங்கள் மட்டும்தான் கெட்டுப்போவோமா, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவனிப்பு என்று சீன விமர்சகர்களே கேட்டார்கள்.

ஆனால் இந்த நோய் ஒரு நாட்டுக்குச் சொந்தமானது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டிலேயே குற்றம் செய்தவன் தண்டனை பெற்றாக வேண்டும் என்று விதி இருந்தது. 1956இல் 'தி பேட் சீட்' படத்தில் கொலைகாரச் சிறுமியை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் மின்னல் தாக்கிச் சாகவைத்தார்கள். நாவலில் அவள் பிழைத்து நிம்மதியாக இருப்பாள். சீனாவில் எழுத்துப் போட்டு முடித்த வேலையை அங்கே வானத்தை விட்டு முடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெர்மனியில் இன்னொரு கதை. 'காசாபிளாங்கா' 1952இல் அங்கே போனபோது நாஜிகள் வரும் இடங்களை எல்லாம் வெட்டி, சுமார் 25 நிமிடம் குறைத்தார்கள். நாஜி எதிர்ப்புப் போராளி லாஸ்லோ, நார்வே நாட்டு விஞ்ஞானி ஆகிவிட்டார். என்னவோ கதிர்களைக் கண்டுபிடித்தவராம். விமான நிலையத்தில் நாயகன் ரிக் சுட்டுக் கொல்லும் ஜெர்மன் அதிகாரியே படத்தில் இல்லாதபோது, அந்தக் கிளைமாக்ஸுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? ஜெர்மானியர்கள் சரியான படத்தைத் தங்கள் மொழியில் பார்க்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கமும் கை சுத்தம் இல்லை. 'ஷோலே'யில் தாக்கூர் ஆணி வைத்த செருப்பால் கப்பர் சிங்கை மிதித்தே கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். 1975, நெருக்கடி நிலைக் காலம். முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதா என்று சென்சார் மறுத்தது. கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து நின்று, சட்டம் பேசி, கப்பரைக் கைது செய்வதாகத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் படத்தைப் புதுப்பிக்க உதவிய பிலிம் ஒன்று இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் கிடைத்தது. பழைய முடிவோடு 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா விழாவில் திரையிட்டார்கள். ஐம்பது வருஷம். கப்பர் சாகத்தான் எடுத்தார்கள் என்று தெரியாமலேயே படத்தின் வசனங்களை மனப்பாடம் செய்து வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்.

'பாபநாசம்' பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். (பார்க்காதவர் யாராவது இருக்கிறீர்களா?) கட்டிக்கொண்டிருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியிலேயே பிணத்தைப் புதைத்துவிட்டு, சுயம்புலிங்கம் அந்த ரகசியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். மலையாள 'திருஷ்யம்' விதைத்தது அது. அதை 2019இல் சீனாவில் திரும்ப எடுத்தார்கள். அந்த அப்பா கடைசியில் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். செய்தியாகப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தனை சாட்சி, அத்தனை பஸ் டிக்கெட், அத்தனை நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒத்திகை எல்லாம் எதற்கு? ஆனால் யோசித்தால் எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. அது வேறு பெயர், வேறு நடிகர்கள், வேறு இயக்குநர். ரீமேக் என்று சொல்லி எடுத்த வேறு படம். அதைப் பார்ப்பவருக்குத் தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரியும்.

இதே காரணத்துக்காகத்தான் 'விண்ணைத்தாண்டி வருவாயா' மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2010 பிப்ரவரி 26, ஒரே நாளில் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. இரண்டுக்கும் கௌதம் மேனன்தான் இயக்குநர். தெலுங்கு 'ஏ மாய சேசாவே'யில் ஜோடி சேர்ந்துவிடும். தமிழில் ஜெஸ்ஸி வேறொருவரின் மனைவி. கார்த்திக் எடுக்கும் படத்துக்குள் மட்டும்தான் காதலர்கள் சேர்கிறார்கள், அந்தப் படத்துக்குள் வரும் படத்தில் நடித்திருப்பதும் நாக சைதன்யாவும் சமந்தாவும், அதாவது தெலுங்குப் படத்தின் ஜோடி. தெலுங்கில் நடந்துவிட்ட கல்யாணத்தைத் தமிழ் ஜெஸ்ஸி இருட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்துவிட்டுப் போகிறாள். இரண்டு முடிவு எடுத்த ஒருவர், ஒன்றின் நிழலை இன்னொன்றின் மேல் விழவைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழர்களுக்கு அழுதால்தான் பிடிக்கும் என்று அட்டையில் யாராவது டிக் அடித்தார்களா என்று அவ்வப்போது ஒரு சந்தேகம் வருவது வேறு விஷயம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்பீர்கள். பாலு மகேந்திரா 'மூன்றாம் பிறை'யை 1983இல் இந்தியில் 'சத்மா'வாக எடுத்தபோது அந்த ரயில் நிலையத்தைத் தொடவில்லை. குட்டிக்கரணம் போட்டு, குரங்கு மாதிரி ஆடி, கம்பத்தில் மோதி விழும் அந்த மனிதனை அவள் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போகும் காட்சி அப்படியே இந்திக்குப் போனது. படம் அங்கே அப்போது ஓடவில்லை. உங்கள் பயம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்தப் பிளாட்பாரத்தில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

ஆக, மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பணம், உங்கள் பயம். மாற்றியதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கிறீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பிலிம் காலத்தில் ஒரு பெரிய ரீல் என்றால் 2000 அடி, சுமார் இருபது நிமிடம். கடைசி ரீலை மாற்றிப் பெட்டியில் வைத்தால் கிளைமாக்ஸ் மாறிவிடும், ஆபரேட்டருக்கே தெரியாமல் போகலாம். இன்றைக்கு அப்படி இல்லை. தியேட்டருக்கு வருவது டிசிபி என்னும் டிஜிட்டல் தொகுப்பு. எந்த ரீலுக்குப் பின் எந்த ரீல், எந்த ஒலி, எந்த சப்டைட்டில் என்று சொல்லும் ஒரு பட்டியல் அதற்குள் இருக்கும். ஒரு நாட்டுக்குக் கடைசிக் காட்சி மட்டும் வேறு என்றால் முழுப் படத்தையும் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. மூலத் தொகுப்போடு, மாறிய பகுதியை மட்டும் வைத்த ஒரு சின்னத் தொகுப்பும் ஒரு புதிய பட்டியலும் போதும். அந்தக் கோப்புக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்றுகூடத் தொழில்துறையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தின் பெயர், மொழி, எந்த நாட்டுக்கு, அந்த நாட்டின் தரச்சான்று என்ன, இது மூலப் பதிப்பா மாற்றுப் பதிப்பா, எல்லாம் அந்த ஒரு வரியில் வரும்.

அதாவது, நான் கேட்கும் அந்த ஒரு வரியை நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். புரொஜெக்டர் அறையில் இருப்பவர் அதை வாசிக்கிறார். கீழே காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்தான் வாசிக்க முடியாது. அதை எடுத்துச் சுவரொட்டியின் மூலையில், டிக்கெட் பதிவு செய்யும் இடத்தில், ஓடிடியில் படத்தின் பெயருக்குக் கீழே போடுங்கள். "இந்த நாட்டுக்கான பதிப்பு. இறுதிப் பகுதி மாற்றப்பட்டுள்ளது." இவ்வளவுதான்.

செய்யாத வேலையும் இல்லை இது. சதுரமான டிவிக்காக அகலத்திரைப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டி வீடியோ கேசட்டில் போட்டீர்களே, அப்போது அமெரிக்காவில் படம் தொடங்கும் முன் ஒரு அட்டை வரும்: இந்தப் படம் மூல வடிவத்திலிருந்து மாற்றப்பட்டுள்ளது, உங்கள் திரைக்கு ஏற்ப அளவு மாற்றப்பட்டுள்ளது என்று. ஓரத்தை வெட்டினால் சொல்வீர்கள், முடிவை வெட்டினால் சொல்ல மாட்டீர்களா? பிரிட்டனின் தரச்சான்று வாரியம் ஒரு படத்துக்கு வெட்டுக் கேட்டிருந்தால் அதைத் தன் இணையதளத்தில் குறிக்கிறது. அதனால் அங்கே யாரும் படம் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை.

முடிவு மாறியிருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால் கதை அம்பலமாகிவிடுமே என்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் கடைசியில் சொல்லுங்கள். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு அட்டை. 2003இல் '28 டேஸ் லேட்டர்' அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தபோதே, சில வாரம் கழித்து, பெயர்கள் ஓடிய பின் இன்னொரு முடிவையும் சேர்த்துக் காட்டினார்கள். ஒன்றில் நாயகன் பிழைக்கிறான், இன்னொன்றில் சாகிறான். விளம்பரத்திலும் அதைச் சொன்னார்கள். பார்த்தவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்தார்கள், வெளியே வந்து எது நல்லது என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் ஒரு அர்த்தம் இருக்கிறது. இரண்டு பேரும் இரண்டையும் பார்த்தவர்கள். நானும் என் நண்பனும் போட்ட சண்டை அப்படிப்பட்டதா?

அரசாங்கம் அந்த அட்டைக்கும் அனுமதி தராது என்று சொல்லக்கூடும். சில இடங்களில் தராதுதான். ஆனால் 'ஃபைட் கிளப்' விவகாரம் எப்படி முடிந்தது என்று பாருங்கள். வெட்டியது 12 நிமிடம். இணையத்தில் கேலி கிளம்பியதும் அடுத்த மாதமே 11 நிமிடத்தைத் திருப்பி வைத்தார்கள், கட்டடங்கள் சரிவதும் சேர்த்து. வெட்டச் சொன்னது யார், வைக்கச் சொன்னது யார் என்று யாரும் வெளியே சொல்லவில்லை. முன்பே பழைய டிவிடியில் பார்த்தவர்கள் இருந்ததால்தான் அங்கே கேள்வியே எழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு இப்போது பெரிய பயம் அதில்தான் இருக்கிறது. பிலிம் பெட்டியைத் திரும்பப் பெறுவது கஷ்டம். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கிடங்கில், ஒரு பிரதி மிஞ்சிவிடும். 'ஷோலே' அப்படித்தான் பிழைத்தது. டிவிடி அலமாரியில் கிடக்கும். ஓடிடியில் அப்படி எதுவும் மிஞ்சாது. ராத்திரி கோப்பை மாற்றிவிட்டால் காலையில் அதே பெயர், அதே படம், வேறு முடிவு. நேற்று பார்த்தவன் சொல்வதை இன்று பார்த்தவன் நம்ப மாட்டான். கையில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே வரியோடு இன்னொன்றும் கேட்கிறேன்: படம் வெளியாகி ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கழித்து, மற்ற நாட்டு முடிவையும் பக்கத்தில் வையுங்கள். படத்துக்குப் பின்னால் எடுத்த காட்சிகள், நடிகர்கள் உளறிச் சிரித்த காட்சிகள் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்கும் இருக்கும்.

கடைசியில் நான் அந்த நிமிடத்தைப் பார்த்தேன், சண்டை போட்டு ஏழு வருஷம் கழித்து. நண்பன் வீட்டுக்கு வந்திருந்தபோது பையிலிருந்து பழைய பிரிட்டிஷ் டிவிடியை எடுத்தான், சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுவந்திருக்கிறான். முழுப் படத்தையும் போடவில்லை. கார் நிற்கும் இடத்துக்கு ஓட்டி நிறுத்தி, "இப்போ பாரு" என்றான். சாரா கண் விழித்தாள். கேக், மெழுகுவத்தி, சின்னப் பெண்ணின் முகம். கேமரா பின்னால் நகர ஆரம்பித்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
சாரா தப்பித்துவிட்டாள் என்று ஏழு வருஷம் நம்பியிருந்த ஒருவன்